அக்காள் மகன் இருக்கும் புலனக் (வாட்ஸ்அப்) குழு: போலீசில் சொல்லியே ஆக வேண்டுமா?

ஜெலுத்தோங் தையல்காரி:
பினாங்கில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். அக்காள் மகனுக்கு வயது 22, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை. திங்கட்கிழமை கைத்தொலைபேசியை என் மெஷின் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். திரை மின்னியது. நூல் கோக்கக் கண்ணாடி போட்டிருந்ததால் எழுத்து தெளிவாகத் தெரிந்துவிட்டது. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையப் படம்; இரும்புக் கதவைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, "வெள்ளி இரவு. இரண்டு பாட்டில் போதும்." எழுதியது வேறொருவன். என் பிள்ளை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறான்.

கேட்டால், "வாய்ச் சவடால்தான், சின்னம்மா" என்கிறான். சொல்லாவிட்டால் என் மீதும் குற்றமா? சொன்னால் அக்காள் இந்த ஜன்மத்தில் என் வாசல்படி மிதிக்க மாட்டாள்.

செந்தூல் பெரியவர்:
நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் பாருங்கள், அம்மா. தண்டனைச் சட்டத்திலோ வேறு எழுத்துச் சட்டத்திலோ உள்ள எந்தக் குற்றத்தையும் செய்ய ஒருவனுக்கு எண்ணம் இருப்பது தெரிந்தாலே உடனே போலீசிடமோ பக்கத்துப் பெங்ஹுலுவிடமோ (ஊர்த் தலைவரிடமோ) சொல்லியாக வேண்டும். கம்பத்து, அதாவது கிராமத்துக் காலத்துச் சட்டம், அதனால்தான் பெங்ஹுலு. கொலையும் வீட்டுக்குத் தீ வைப்பதும் அதில் அடங்கும். சொல்லாததற்குத் தக்க காரணம் இருந்தது என்று நிரூபிப்பதும் உங்கள் பாடு. குற்றத்தைத் தடுக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைத்தால் தண்டனைச் சட்டம் 176-இன்படி ஆறு மாதம் வரை சிறை. குற்றவாளியை ஒளித்து வைத்த வழக்கில் கணவன் மனைவிக்கு விலக்கு உண்டு. சின்னம்மாவுக்கு எங்கும் இல்லை.

பட்டர்வொர்த்காரன்:
சட்டம் சொல்வது எளிது, ஐயா. 2019 அக்டோபரில் விடுதலைப் புலித் தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தார்கள். சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டம், ஜாமீன் கிடையாது. 2020 பிப்ரவரியில் வழக்கை மீட்டுக்கொண்டார்கள். போன மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது? அக்கா, பையனைக் குழுவிலிருந்து விலகச் சொல்லுங்கள், போதும்.

ஜெலுத்தோங் தையல்காரி:
தம்பி, அவன் விலகினால் பாட்டிலும் விலகிவிடுமா? அந்தச் சேவை மையம் இருப்பது கடைவீட்டில். மாடியில் ஒரு குடும்பம் இருக்கிறது. குழந்தைத் துணி காய்வதைப் பார்த்திருக்கிறேன். 2024 மார்ச்சில் பீடோர், குவாந்தான், கூச்சிங் கடைகளில் பெட்ரோல் குண்டு வீசினார்களே, அவர்களும் முதலில் பேசத்தானே செய்திருப்பார்கள்? என் பயம் வேறு. வெறும் பேச்சாகவே இருந்துவிட்டால் பொய்ப் புகார் என்று என்னைப் பிடிப்பார்களா?

செந்தூல் பெரியவர்:
பொய் என்று தெரிந்தே சொன்னால்தான் தண்டனைச் சட்டம் 182-இன்படி குற்றம். கண்டதை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள். முடிந்தால் வழக்கறிஞரோடு பையனையும் அழைத்துப் போங்கள். தானாக வந்தவன் வேறு, பிடித்து வரப்பட்டவன் வேறு.

ஜெலுத்தோங் தையல்காரி:
வியாழன் மதியம் போய் வந்தோம். அவனும் வந்தான், வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. அதிகாரி மலாயில் தட்டி, வாசித்துக் காட்டினார். 'மெரஞ்சாங்' என்று போட்டிருந்தார், திட்டமிட்டார்கள் என்று. நான் பார்த்தது ஒரு படமும் ஒரு வரியும் ஒரு கட்டைவிரலும்தான், அப்படியே எழுதுங்கள் என்றேன். முகத்தைச் சுளித்தார், ஆனாலும் மாற்றினார். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

பையனின் கைத்தொலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அக்காளிடம் அவனே சொல்லிவிட்டான். அவளுடைய ரவிக்கை என் மேசையில் கிடக்கிறது, கொக்கி வைப்பதுதான் பாக்கி. வாங்க வரவில்லை.