அஞ்சாம் வகுப்பில் நாட்டுநடப்பு விவாதம்: ஆரம்பிக்கலாமா, கூடாதா?

கரும்பலகை:
அரசு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். தேர்தல் வந்தால் எங்கள் வகுப்பறைதான் வாக்குச்சாவடி. நாங்கள் வேறு ஏதோ ஊர்ச் சாவடியில் தேர்தல் பணியில் இருப்போம். பிள்ளைகளுக்கு மட்டும் அன்று லீவு. மறுநாள் வந்து சுவரில் ஒட்டியிருக்கும் சாவடி எண்ணைப் பார்த்துவிட்டு, "இங்க என்ன டீச்சர் நடந்துச்சு?" என்று கேட்பார்கள். மக்களாட்சி பற்றிய பாடம் ஆறாம் வகுப்பில்தான் விரிவாக வருகிறது. அதுவும் பெரும்பாலும் கோடிட்ட இடத்தை நிரப்புவதோடு முடிந்துவிடுகிறது.

என் யோசனை இதுதான். 4, 5ஆம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அந்த வாரத்துச் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்வது. இரண்டு பக்கமும் பேசவேண்டும், முடிவில் ரகசிய வாக்கெடுப்பு. தலைமையாசிரியர் "நமக்கெதுக்கும்மா வம்பு" என்கிறார். உங்கள் கருத்து என்ன?

நெல்லைக்காரன்:
உங்கள் தலைமையாசிரியர் விவரமானவர் டீச்சர். என் மகன் அஞ்சாவது படிக்கிறான். அந்த வயசுப் பிள்ளைக்குச் சொந்தமாக அரசியல் கருத்து ஏது? ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து அப்பன் யாரைத் திட்டுகிறானோ அதைக் காலையில் வகுப்பில் வந்து ஒப்பிக்கும். பெரியவர்கள் சண்டையைச் சின்னவர்கள் வாயால் நடத்துவதற்கு விவாதம் என்று பெயர் வேறா?

2020 ஜனவரியில் கர்நாடகாவின் பீதரில் நடந்தது நினைவிருக்கிறதா? குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. தலைமையாசிரியையும் ஒரு பிள்ளையின் அம்மாவும் கைதானார்கள். போலீஸ் பள்ளிக்கே வந்து பிள்ளைகளை விசாரித்தது. இங்கே அப்படி ஆனால் யார் பொறுப்பு?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கம் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்தே எந்தச் சாதி என்று சொல்லிவிடுவார்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். நாட்டுநடப்பு என்றால் வேங்கைவயலும்தானே வரும்? குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்ததை, இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், "ஒரு பக்கம் நீ பேசு, மறுபக்கம் நீ பேசு" என்று சொல்லித் தருவீர்களா?

ஓலைச்சுவடி:
ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே உத்திரமேரூரில் குடவோலை வைத்துத் தேர்தல் நடத்திய இனம் நாம். நமக்கே ஜனநாயகப் பாடமா! கல்வெட்டைக் காட்டினாலே போதும், பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

செம்மண்:
கல்வெட்டை முழுசாகப் படியுங்கள் ஐயா. முதலாம் பராந்தகன் காலத்தது, 919லும் 921லும் வெட்டியது. அது பிரம்மதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை. குடத்தில் பெயர் போட வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள். பயிர் செய்தவனுக்கும் பெண்களுக்கும் அங்கே வேலையே இல்லை. பெருமைப்பட இடம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளிடம் பாதியை மறைத்துவிட்டுப் பெருமை மட்டும் சொல்வது நியாயமா?

என்னைக் கேட்டால், முதல் விவாதத் தலைப்பே அந்தக் கல்வெட்டாக இருக்கட்டும். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும் அவன் சொந்தக்காரர்கள் பெயரும் குடத்தில் போடக்கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. "அப்பா தப்புப் பண்ணினா பிள்ளையும் நிக்கக் கூடாதா?" என்று கேளுங்கள். எந்தக் கட்சி பெயரும் வராமலே வகுப்பு ரெண்டாகப் பிரியும்.

நெல்லைக்காரன்:
அதே கல்வெட்டில் குடத்திலிருந்து ஓலையை எடுப்பது யார் தெரியுமா? உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சின்னப் பையன். சோழர் காலத்துப் பெரியவர்களே, பிள்ளைக்கு அரசியல் தெரியாமல் இருப்பதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

செம்மண்:
😀 நல்ல அடி. ஆனால் அந்தப் பையனுக்கு அப்புறமும் ஒன்றும் சொல்லித் தரவேண்டாம் என்று கல்வெட்டில் இல்லையே.

கறுப்புக்கோட்டு:
பீதர் கதையை நண்பர் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த வழக்கை 2023 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசை விமர்சித்து நாடகம் போட்டது தேசத்துரோகம் ஆகாது என்றது. பிள்ளைகளை விசாரித்த முறை சிறார் நீதிச் சட்டத்துக்கு முரண் என்று அதற்கு முன்பே ஒரு கண்டிப்பும் வந்தது. ஆனால், டீச்சருக்குச் சொல்கிறேன், அதே தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது: சின்னப் பிள்ளைகளை அன்றாட அரசியலில் இறக்குவது நல்லதல்ல, படிப்பில் ஆர்வம் கூட்டும் நாடகங்கள் போதும் என்று. எனக்கு அந்தப் பகுதியில் உடன்பாடு இல்லை. ஆனால் அது எழுத்தில் இருக்கிறது, நாளைக்கு யாராவது உங்கள் முன்னால் நீட்டலாம்.

அந்த விவகாரம் வெடித்ததே நாடகத்தின் வீடியோ வெளியே போனதால்தான். இப்போது வகுப்பறையில் பிள்ளை கண்ணைக் கசக்கினால்கூட ரீல்ஸ் போடும் வாத்தியார்கள் இருக்கிறார்கள். விவாதப் பீரியடில் செல்போன் கூடாது என்பதை முதல் விதியாக எழுதி வையுங்கள்.

வெளிநாட்டில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டால், மேற்கு ஜெர்மனியில் 1976இல் பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில் கல்வியாளர்கள் கூடி, பள்ளியில் அரசியல் பாடத்தை எப்படி நடத்துவது என்று ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள். ஆசிரியர் தன் கருத்தைப் பிள்ளை மேல் திணிக்கக் கூடாது. வெளியே சர்ச்சையாக இருக்கும் விஷயம் வகுப்பிலும் சர்ச்சையாகவே தெரியவேண்டும். பிள்ளை தன் நிலைமையைத் தானே அலசிப் பார்க்கும் தெம்பு பெறவேண்டும். இங்கிலாந்தில் 1996 கல்விச் சட்டமே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கட்சி வேலையில் இழுப்பதைத் தடை செய்கிறது. அரசியல் பேச்சு வந்தால் இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும் என்கிறது. பேசவே கூடாது என்று சொல்லவில்லை.

நெல்லைக்காரன்:
ஜெர்மனியில் வாத்தியாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இங்கே ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருப்பார், மற்றவர் அஞ்சு வகுப்பையும் மேய்ப்பார். சமநிலை பார்க்க நேரம் எங்கே?

மூணாவது பெஞ்ச்:
இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஒட்டவில்லை. சிக்கல் நாட்டுநடப்பில் இல்லை, நாம் விவாதம் நடத்தும் விதத்தில். நம்ம ஊர்ப் பேச்சுப்போட்டியைப் பாருங்கள். "நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்துக் கடைசிவரை யாரோ எழுதிக்கொடுத்த மூணு பக்கம். எதிரணி பேசும்போது இந்தப் பிள்ளை அடுத்த வரியை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும். பட்டிமன்றத்தில் கைதட்டு யாருக்கு விழுகிறதோ அவர் பக்கம் நியாயம். இதையே பத்து வயதில் பழக்கினால் சாயங்கால டிவி விவாதத்துக்குத்தான் ஆள் தயாராகும்.

விவாதத்தை விடுங்கள், முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கொடுங்கள். ராஜஸ்தானில் திலோனியாவில், பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடந்தன. 1990களிலிருந்து அங்கே பிள்ளைகளே ஓட்டுப்போட்டுத் தங்கள் நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அமைச்சர்களான பிள்ளைகள் வாத்தியார் ஒழுங்காக வருகிறாரா, கைப்பம்பு வேலை செய்கிறதா என்று சரிபார்த்தார்கள். கன்னியாகுமரிப் பக்கமும் குழந்தைகள் பாராளுமன்றம் உண்டு. குழாய், கழிப்பறை, விளையாட்டு மைதானம், இதில் ஆரம்பியுங்கள். முடிவெடுக்க எதுவும் இல்லாத பேச்சு வெறும் வாய்ச்சவடால்.

கரும்பலகை:
குழாயோடு நின்றுவிட்டால் அது கிளாஸ் லீடர் தேர்தல்தான் சார். அது ஏற்கெனவே நடக்கிறது. பெரும்பாலும் உயரமான பையன் ஜெயிப்பான், பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவான்.

வெளி உலகம் பிள்ளைகளுக்கு வெளியேவா இருக்கிறது? பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராமசபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது. அந்த ஊர்ப் பிள்ளைக்கு அது நாட்டுநடப்பு இல்லை, வீட்டுநடப்பு. ராத்திரி வீட்டில் அதைத்தான் பேசுகிறார்கள். காலையில் பள்ளியில் மட்டும் அப்படி ஒன்று நடக்காத மாதிரி நான் வாய்ப்பாடு சொல்லித்தரவா?

நெல்லைக்காரன் அண்ணே, அப்பா பேச்சைப் பிள்ளை ஒப்பிக்கும் என்கிறீர்கள். ஆமாம், ஒப்பிக்கும். முதல் வாரம் அதுதான் நடக்கும். ஆனால் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை வேறொன்றை ஒப்பிக்கும்போதுதான், தன் வீட்டுக் கருத்தைத் தவிர இன்னொன்றும் உண்டு என்று அதற்கே முதல்முறை தெரியும். வீட்டில் அதைச் சொல்ல ஆள் கிடையாது. வேங்கைவயலைப் பற்றி: அதை இரண்டு பக்கமாகப் பிரித்துப் பேசச் சொல்லமாட்டேன். அதில் இரண்டு பக்கம் கிடையாது. எதை விவாதத்துக்கு வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பது ஆசிரியர் எடுக்கவேண்டிய முடிவு.

நெல்லைக்காரன்:
அங்கேதான் எனக்கு இடிக்கிறது. எதற்கு ரெண்டு பக்கம் உண்டு, எதற்கு இல்லை என்று நீங்கள் முடிவு செய்வீர்கள். வேங்கைவயலில் நானும் உங்களோடு நிற்கிறேன். நாளைக்கு இன்னொரு ஆசிரியர் வந்து, மதுக்கடைக்கு ரெண்டு பக்கம் இல்லை, இந்திக்கு இல்லை, கோயிலுக்கு இல்லை என்று ஆரம்பித்தால்?

ஏகனாபுரத்தையே எடுங்கள். அத்தனை தீர்மானம் போட்டும் திட்டம் நிற்கவில்லை. அதைப் பிள்ளையிடம் சொல்லி என்ன கற்றுத்தருவீர்கள்? பேசி ஒன்றும் ஆகாது என்றா?

செம்மண்:
ஒன்றும் ஆகாது என்றும் சொல்ல முடியாது. காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவைக் கண்டு பிள்ளைகள் முகம் சுளித்தது எல்லோருக்கும் தெரியும். 2025இல் திங்கட்கிழமை உப்புமாவுக்குப் பதில் பொங்கல் என்று சட்டப்பேரவையிலேயே அறிவித்தார்கள். பத்து வயதுக்காரர்களின் நாக்கு கோட்டை வரைக்கும் போயிருக்கிறது! இதற்கு எத்தனை படி தாண்டவேண்டும், யார் யாரிடம் சொன்னார்கள் என்று ஒரு பீரியட் பேசலாமே.

மூணாவது பெஞ்ச்:
உப்புமாவுக்குப் போன குரல் விமான நிலையத்துக்கு ஏன் போகவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால்?

செம்மண்:
கேட்டால் அந்தப் பிள்ளை தேறிவிட்டது என்று அர்த்தம்.

கறுப்புக்கோட்டு:
டீச்சர், நடைமுறைக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர்தான். தலைப்புகளை முன்கூட்டியே அந்தக் குழுவில் வைத்து, குறிப்பேட்டில் ஏற்றிவிடுங்கள். கட்சி, தலைவர் பெயர் வேண்டாம். நீங்கள் அரசு ஊழியர், நடத்தை விதிகள் இருக்கின்றன. பெற்றோர் ஒப்புதல் இருந்தால் தலைமையாசிரியரும் ஓரளவு இறங்கிவருவார். அண்ணனின் "யார் முடிவு செய்வது" என்ற கேள்விக்கும் அதில் பாதிப் பதில் இருக்கிறது.

நெல்லைக்காரன்:
பாதிதான். அந்தக் குழுவில் எந்தத் தெருக்காரர் அதிகம் என்று ஊருக்கு ஊர் பாருங்கள்.

கரும்பலகை:
குழுவில் வைக்கிறேன். முதல் தலைப்பும் யோசித்துவிட்டேன்: அக்டோபர் 2 கிராமசபையில் நம் பள்ளிக்காக ஒரே ஒரு கோரிக்கைதான் வைக்கலாம் என்றால் எது? மதில் சுவர் என்று ஒரு கூட்டம் பேசும், கழிப்பறைக்குத் தண்ணீர் என்று ஒரு கூட்டம் பேசும். மூணாவது பெஞ்ச் கேட்ட முடிவும் இதில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அங்கே ஓட்டு இல்லை, அதனால் குழுத் தலைவி படிப்பார். செய்தித்தாளுக்கு அடுத்த மாதம் போகிறேன்.

நெல்லைக்காரன்:
இதற்கு நான் எதிர்ப்பு இல்லை. செய்தித்தாள் வரும் மாதம் திரும்ப வந்து சண்டை போடுவேன். அந்தக் கோரிக்கை கிராமசபைத் தீர்மானத்தில் ஏறியதா, இல்லையா என்று இங்கேயே எழுதுங்கள் டீச்சர். ஏறாவிட்டால் பிள்ளைகளிடம் என்ன சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து.