அழுகண்ணி பக்கத்துல இருந்த இறகு அந்து: படத்த வச்சு பேர் சொல்லலாமா?

புழுத்தேடி:
படத்துல இருக்கிற இறகு அந்து (இறகு மாதிரி பிளந்த றெக்கை உள்ள அந்துப்பூச்சி) பக்லேரியா பலூடம்ங்கற இனம்தான்னு நினைக்கிறேன். பழுப்பு நிறம், ரொம்பச் சின்னது, முன் றெக்கை ரெண்டா பிளந்திருக்கு, அழுகண்ணி (இலையில இருக்கிற பிசின் துளியால பூச்சியப் பிடிச்சுத் திங்கிற செடி) மண்டிக்கிடக்கிற ஈரத்தரையில சாயங்கால வெயில்ல காலடியில இருந்து கிளம்பி, கொஞ்ச தூரம் போயி மறுபடி அதுக்குள்ளயே இறங்கிடுச்சு. இந்த இனத்தோட புழுவுக்கு அழுகண்ணிதானே சாப்பாடு!

செதில்:
நிறமும் றெக்கைப் பிளவும் இறகு அந்துக் குடும்பத்துல நிறைய இனத்துக்கு உண்டுங்க. மூக்கிரட்டையில வளர்ற மெகலோரிப்பிடா, புளியாரையில வளர்ற ஸ்டெனோடாக்மா எல்லாமே சின்னது, பழுப்பு. றெக்கைச் செதில் உதிர்ந்துட்டா சுத்தமா பிரிக்க முடியாது. பிறப்புறுப்ப ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்புல பாக்காம நான் ஒத்துக்க மாட்டேன்.

புழுத்தேடி:
அரிதான இனமா இருக்கலாம்னு சொல்றப்பவே அதக் கொன்னு, வயித்த பொட்டாஷ் காரத்துல வேகவச்சுப் பாக்கச் சொல்றீங்க. எனக்கு மனசு வரல.

இரவுவிளக்கு:
ரெண்டு பேரும் புழுவ விட்டுட்டீங்களே. இதுக்கு நெருங்கின இனம் ஒண்ணு புளோரிடாவுல இருக்கு, அதப்பத்தி 1965ல ஐஸ்னர், ஷெப்பர்டுன்னு ரெண்டு ஆய்வாளர்கள் சயின்ஸ் இதழ்ல எழுதினாங்க. ராத்திரியில வெளிய வந்து மொதல்ல அந்த பிசின் துளிய குடிக்குது, அப்புறம் துளி நிக்கிற காம்பத் திங்குது, கடைசியா இலையவே திங்குது, இலையில ஒட்டிச் செத்த பூச்சியக்கூட விடறதில்ல. மத்த பூச்சியெல்லாம் சாகிற இலையில இது மேயுது பாருங்க, உடம்புல இருக்கிற நீள முடிதான் பிசின்ல ஒட்டாம காப்பாத்துது! அதனால ராத்திரி டார்ச்சோட போயி, துளி இல்லாம மொட்டையா இருக்கிற இலையப் பாருங்க. செடிய மிதிச்சிடாதீங்க, ப்ளீஸ்.

செதில்:
புழு கிடைச்சு, அத அழுகண்ணியிலயே வளத்து அந்து வெளிய வந்தா பெரிய ஆதாரம்தான். ஆனா அது அந்த இடத்துல இந்த இனம் இருக்குங்கறதுக்கான ஆதாரம், இந்தப் படத்துல இருக்கிற பூச்சிக்கு இல்ல. பக்கத்துச் செடியில இருந்து பறந்து வந்து உக்காந்ததாவும் இருக்கலாமே? பதிவுல குடும்பப் பேரோட நிறுத்துங்க.

புழுத்தேடி:
கிளப்பிவிட்டும் அதே செடிக்கூட்டத்துல இறங்கினத கணக்குல சேக்கவே மாட்டீங்களா? நடத்தையும் ஒரு அடையாளம்தான் சார். இப்போதைக்கு கேள்விக்குறியோட இனப்பேர் போடறேன், புழு கிடைச்சா அத தனிப் பதிவாப் போடறேன்.

செதில்:
கேள்விக்குறிய அடுத்தவங்க எடுத்து எழுதறப்ப விட்டுடுவாங்க. அதான் என் பயமே.