ஏர்போர்ட்டில் விட்டுப்போன பேனாக்கத்திகள்: ஏலத்தில் வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

துருப்பிடித்த திருப்புளி (நியூ ஜெர்சி)

அமெரிக்க ஏர்போர்ட் செக்யூரிட்டியில் ஒரு பேனாக்கத்தியாவது பறிகொடுக்காத வீடு நம் ஆட்களில் குறைவு. அதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. அதிகாரிகளே வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள் என்று என் ஆபீஸில் ஒருவர் இன்னும் சத்தியம் செய்கிறார். நடப்பது அவ்வளவு சுவாரசியமானதல்ல. செக்யூரிட்டியை நடத்தும் மத்திய அரசு அமைப்பான டிஎஸ்ஏ நேரடியாக விற்பதில்லை. பல மாநிலங்களின் உபரிச் சொத்துத் துறை ஏர்போர்ட்டிலிருந்து அள்ளிக்கொண்டு போய் விற்கிறது. வரும் காசு மாநிலத்துக்கு.

சட்டப்படி அது பறிமுதல்கூட இல்லை. காரில் வைத்துவிட்டு வா, செக்-இன் பெட்டியில் போடு, தபாலில் அனுப்பு, வழியனுப்ப வந்தவர் கையில் கொடு, எதுவும் முடியாவிட்டால் விட்டுவிட்டுப் போ என்பார்கள். போர்டிங் ஆரம்பித்த பிறகு யார் காருக்கு ஓடப்போகிறார்கள்? விட்டுவிட்டுப் போனால் நாமே மனமுவந்து கைவிட்டதாகத்தான் கணக்கு. பிறகு போய் உரிமை கேட்க முடியாது.

எங்கள் பக்கம் இதில் பெரிய கை பென்சில்வேனியா. தன் ஏர்போர்ட் சரக்கோடு பக்கத்து மாநிலங்களின் சரக்கையும் அது வாங்கி விற்றிருக்கிறது. ஹாரிஸ்பர்க்கில் கடை, பெரிய லாட் (மொத்தமாக விற்கும் குவியல்) என்றால் அரசு உபரிப் பொருள்களை ஏலம் விடும் கவ்டீல்ஸ் இணையதளத்தில் ஏலம். நான் ஏல ரகம்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் எடைக் கணக்கு. லாட்டை எண்ணி விற்பது குறைவு, பவுண்டில்தான் போடுவார்கள். ஸ்விஸ் ஆர்மி கத்தி போடும் விக்டோரினாக்ஸ் கம்பெனியின் கிளாசிக், அதாவது சாவிக்கொத்தில் தொங்கும் 58 மில்லிமீட்டர் குட்டி, ஒன்று 21 கிராம் சொச்சம். 10 பவுண்டு லாட் முழுக்க அதுவானால் இருநூறுக்கு மேல் தேறும். தக்கைத்திருகி வைத்த 91 மில்லிமீட்டர் கத்தி ஏறத்தாழ 60 கிராம். அதே 10 பவுண்டில் எழுபத்தைந்து கத்திதான். ஆகவே படத்தைப் பெரிதாக்கி எந்த அளவு அதிகம் என்று பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

அப்புறம் 'ஸ்விஸ் ஆர்மி வகை' என்று போட்டிருந்தால் அந்த 'வகை'க்குள் சீன நகல் எல்லாம் அடக்கம். பிளேடின் அடிக்கட்டையில் விக்டோரினாக்ஸ் அல்லது வெங்கர் என்ற ஸ்விஸ் கம்பெனியின் முத்திரை இருந்தால்தான் சரக்கு. வெங்கரை 2005-இல் விக்டோரினாக்ஸ் வாங்கிவிட்டது. 2013-இல் வெங்கர் பெயரில் கத்தி போடுவதையும் நிறுத்திவிட்டார்கள். லாட்டில் வெங்கர் வந்தால் ஒதுக்கி வையுங்கள், கேட்கிற ஆள் இருக்கிறது.

பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் நாற்றம். உடைந்த சென்ட் பாட்டில் வாசமும் துருவும் பழைய பர்ஸின் தோல் வாடையும் கலந்து வரும். நான் கடைசியாக எடுத்த பெட்டியில் பாதிக்கு மேல் கிளாசிக். அவற்றில் பாதி கம்பெனிப் பரிசு: மருந்துக் கம்பெனி, வங்கி, ஏதோ மாநாடு, ஒரு கால்ஃப் கிளப். சிலது உறையோடு, பிளேடு திறக்காமலே. ஒன்றில் மட்டும் வெள்ளித் தகட்டில் ஒரு பெயரும் இருபத்தைந்து ஆண்டுச் சேவை என்றும் பொறித்திருந்தது. அதை விற்கவில்லை, ஆளைத் தேடியும் போகவில்லை. மேஜை டிராயரில் இருக்கிறது, அதை வைத்துத்தான் கூரியர் கவர் பிரிக்கிறேன்.

ஆஸ்டின்காரன்

அண்ணே, ஏலத்துக்கு எதற்குப் போகிறீர்கள்? டெக்ஸஸில் மாநில உபரிக் கடையே உண்டு. ஆஸ்டினில் போல்ம் ரோட்டில் நான் போய் வாங்கிக்கொண்டிருந்தேன். தொட்டி தொட்டியாகக் கொட்டி வைத்திருப்பார்கள். நின்று கிளறலாம், திறந்து பார்க்கலாம். படத்தைப் பார்த்து லாட் எடுப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். விலை ஏலத்தைவிடக் கூடத்தான். ஆனால் வீட்டுக்குக் குப்பை வராது.

நான் தேடுவது மல்டிடூல் (குறடோடு கத்தியும் மற்றதும் மடித்து வைத்த கருவி) மட்டும், குறிப்பாக லெதர்மேன் கம்பெனியுடையது. கையில் எடுத்ததும் வெளிச்சத்துக்கு எதிரே குறடை மூடிப் பாருங்கள். இரண்டு தாடையும் நுனியில் சேராமல் வெளிச்சம் தெரிந்தால் எவனோ அதை வைத்து ஆணி பிடுங்கியிருக்கிறான். அடுத்தது கம்பி வெட்டும் இடம். மின்சாரம் ஓடுகிற கம்பியை வெட்டியிருந்தால் அரைவட்டமாக ஓர் ஓட்டை விழுந்திருக்கும். மூன்றாவது, பிளேடின் லாக். திறந்து, முதுகில் கட்டைவிரலால் அழுத்தினால் அசையக் கூடாது. துருவைப் பற்றிக் கவலையே வேண்டாம், போய்விடும்.

தொட்டியில் தேட வேண்டிய பொருள் பழைய பிஎஸ்டி. டிம் லெதர்மேன் 1983-இல் முதலில் போட்ட மாடல் அது. 2004 வரை வந்தது. பளபளப்பாக இருக்காது, கைப்பிடி உள்ளங்கையைக் கடிக்கும், தெரியாதவர்கள் தள்ளிவிட்டுப் போவார்கள். சிலவற்றில் கைப்பிடியின் உட்புறம் நான்கு இலக்கம் குத்தியிருக்கும். 0797 என்றால் 1997 ஜூலை. நண்பர்கள் பிறந்த வருடத்துப் பிஎஸ்டி தேடிப் பரிசு கொடுப்பது எங்கள் கேங்கில் ஒரு பழக்கமாகிவிட்டது. 83-க்கு முன்னால் பிறந்த பெரியவர்கள் மன்னிக்கவும்.

லெதர்மேனுக்கு 25 வருட வாரண்டி. உடைந்ததை அனுப்பினேன், ரசீது கேட்காமலே சரிசெய்து தந்தார்கள். ஆனால் பழைய மாடலுக்குப் பாகம் இல்லையென்றால் அதை வைத்துக்கொண்டு புதுசு அனுப்பிவிடுவதும் உண்டு. பிஎஸ்டி மேல் ஆசை இருந்தால் அனுப்பாதீர்கள்.

ஹூஸ்டன் அக்கா

பையனுடைய ஸ்கௌட் குழுவுக்காக ஆஸ்டின் கடையில் ஒரு கூடை வாங்கினேன். கத்தியைப் பாதுகாப்பாகக் கையாளக் கற்றதற்கான டோட்டின் சிப் கார்டு எடுத்த பிள்ளைகளுக்குத்தான் கத்தி கையில் கிடைக்கும், அதனால் அளவாகத்தான் வாங்கினோம். பிள்ளைகளை உட்காரவைத்து அவர்களையே கழுவ விட்டோம். விரல் எங்கே வைக்கக் கூடாது என்று அன்றைக்கே படித்துவிட்டார்கள். புதுக் கத்தி கொடுத்திருந்தால் இவ்வளவு அக்கறை வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கான்கார்ட் குளிர்

நியூ ஹாம்ஷயரிலும் உண்டு. கான்கார்டில் ஒயிட் ஃபார்ம் என்று மாநில உபரிக் கிடங்கு. பாஸ்டன் லோகன் ஏர்போர்ட் சரக்கு இங்கே வருகிறது. தினமும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருகிறது. 2013 மார்ச்சில் டிஎஸ்ஏ தலைவர் ஜான் பிஸ்டோல், 6 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, லாக் இல்லாத சின்னக் கத்தியை கேபினில் விடலாம் என்று அறிவித்தார். ஏப்ரல் 25 முதல் அமல் என்று தேதியும் குறித்தாயிற்று. விமானப் பணிப்பெண்கள் சங்கங்கள் ஒரே குரலில் எதிர்த்தன. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. 2001 செப்டம்பர் 11-க்கு முன்னால் 4 இன்ச்சுக்குக் குறைந்த பிளேடை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள், கடத்தியவர்கள் ஏந்தியதும் சின்னக் கத்திகள்தான். ஜூனில் திட்டத்தைக் கைவிட்டார்கள். அது மட்டும் அமலாகியிருந்தால் திருப்புளி அண்ணன் பெட்டியில் பாதி காலி. கிளாசிக்கின் பிளேடு 4 சென்டிமீட்டர்கூட வராது.

ஸ்கார்பரோ

அந்த 6 சென்டிமீட்டர் விதி எங்கட கனடாவில் 2017 நவம்பரில் வந்தேவிட்டது. ஆனால் அமெரிக்கா போகிற விமானத்துக்குச் செல்லாது. இதில்தான் ஆட்கள் மாட்டுகிறது. வன்கூவர் போய்வரும்போது சாவிக்கொத்துக் கத்தியோடு கரைச்சல் இல்லாமல் போய்வருவார்கள். பிறகு நியூ ஜெர்சிக் கல்யாணத்துக்கு வெளிக்கிட்டு, செக்யூரிட்டியில் நின்று முழிப்பார்கள். என்ர மச்சானும் அப்படிக் கொடுத்த ஆள்தான்.

அமெரிக்க ஏலத்தில் எடுத்து எல்லை தாண்டிக் கொண்டுவர நினைக்கிறவர்களுக்கு ஒன்று. மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் திறக்கிற கத்தி கனடாவில் தடைசெய்யப்பட்ட ஆயுதம். லாட்டில் மூட்டு தேய்ந்து தளர்ந்துபோன ஒற்றைக்கைக் கத்திகள் கனக்க இருக்கும். புதிதில் இறுக்கமாயிருந்தது இப்போது சுண்டினால் திறக்கும், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். நகம் கொடுத்துத் திறக்கிற ஸ்விஸ் கத்திக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நான் அதைத் தவிர வேறெதுவும் கொண்டுவருவதில்லை.

லாட் வியாபாரி (ஊர் வேண்டாம்)

எல்லோரும் இனிப்பாகவே சொல்கிறீர்கள், கொஞ்சம் கசப்பும் கேளுங்கள். நான் இதை வாங்கி விற்கிறேன். ஒரு மாநிலத்தின் லாட், பெயர் வேண்டாம். படத்தில் மேலே வரிசையாகச் சிவப்புக் கத்திகள். எடுத்துவந்து கொட்டினால் அந்த மேல் வரிசை மட்டும்தான் ஸ்விஸ். கீழே முழுக்கப் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் ரகம், பாதிக்கு லாக் வேலை செய்யவில்லை. போன் செய்தால் "இருக்கும் நிலையில், இருக்கும் இடத்தில்" என்று விதியை வாசித்துக் காட்டினார்கள். சண்டை போட இடமில்லை, விதியில் அப்படித்தான் இருக்கிறது. அன்றிலிருந்து ஒருமுறையாவது நேரில் பார்க்க விடாத லாட்டுக்கு நான் கை தூக்குவதில்லை.

கூட்டல் கணக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஏலத்தொகை மேல் இத்தனை சதவீதம் என்று வாங்குபவர் கமிஷன் ஏறும், அதன் மேல் விற்பனை வரி. வழக்கமாக 5 வேலை நாளில் பணம் கட்டி, 10 வேலை நாளில் பொருளை எடுத்தாக வேண்டும். பல இடங்களில் பார்சல் அனுப்பமாட்டார்கள், நீங்களே போக வேண்டும். பெட்ரோல், டோல் எல்லாம் சேர்த்தால் கத்தி ஒன்று அரை டாலருக்கு வந்ததென்று துள்ளியது இரண்டு டாலரில் வந்து நிற்கும். கடைசி நிமிடத்தில் பாயலாம் என்று காத்திருப்பதும் வீண். கவ்டீல்ஸில் முடியும் தறுவாயில் யாராவது விலை ஏற்றினால் நேரம் தானாக நீளும். ராத்திரி வீம்புக்கு ஏலம் ஏற்றுகிற இரண்டு பேர் மாட்டிவிட்டால் கடைவிலையைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

காசு எதில் என்றால், கிளாசிக்கில் இல்லை. பரிசு கொடுத்த கம்பெனியின் முத்திரை போட்டதை யாரும் விரும்புவதில்லை. நிறுத்திவிட்ட மாடல்களில்தான் காசு. லெதர்மேன் ஸ்க்வர்ட் கிடைத்தால் அந்த லாட்டின் செலவில் நல்ல பங்கு திரும்பிவிடும். அது சாவிக்கொத்து அளவு என்பதால் ஆட்கள் மறந்து ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள், எனக்கு நல்லது.

கோவை அப்பா

மகன் வீட்டுக்கு டல்லாஸ் வந்திருக்கிறேன். திரும்பும்போது இதில் நாலைந்து ஊருக்கு எடுத்துப்போகலாமா தம்பி? தோட்டத்துக்கு ஆகும்.

ஆஸ்டின்காரன்

தாராளமாக, ஐயா. செக்-இன் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள், கைப்பையில் ஒன்றுகூட வேண்டாம். பேனாக்கத்தி அளவு ஊரில் பிரச்சினை இல்லை. ஆயுதச் சட்ட விதிகளில் வருவது 9 இன்ச்சுக்கு மேல் நீளமோ 2 இன்ச்சுக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிக்கு விலக்கு உண்டு. இருந்தாலும் ஐம்பது கத்தியை மொத்தமாகக் கட்டிக்கொண்டு போனால் வியாபாரம் என்று கேள்வி வரும். நாலைந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துருப்பிடித்த திருப்புளி

லாட் வியாபாரி சொன்னது அத்தனையும் நிஜம். லாபத்துக்காக இதில் இறங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தரம் பிரிக்கிற ஆசை இருந்தால் மட்டும் வாருங்கள்.

சுத்தம் செய்வது பற்றி இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, கத்தியின் எல்லா இதழ்களையும் பாதி திறந்த நிலையில் ஊறப் போடுங்கள். முழுக்கத் திறந்தால் ஸ்பிரிங் அடியில் இருக்கும் அழுக்கு இளகாது. தண்ணீருக்குள்ளேயே திறந்து மூடித் திறந்து மூடி ஆட்டினால் கறுப்பாக இறங்கும். பழைய பல்துலக்கும் பிரஷ், இண்டு இடுக்குக்குப் பல்குச்சி. நன்றாக உலர்த்திய பிறகு மூட்டுக்கு ஒரு சொட்டு மினரல் ஆயில். அதில் பழம் நறுக்குவோம் என்பதால் மெஷின் ஆயில் வேண்டாம். தேங்காய் எண்ணெய் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும், நியூ ஜெர்சி ஜனவரியில் கத்தி திறக்கவே மாட்டேன் என்றது.

கத்தரி திரும்பி விரியாவிட்டால் அதைக் குப்பையில் போடாதீர்கள். விக்டோரினாக்ஸில் கத்தரியை விரிப்பது முடி மாதிரி ஒரு சின்ன ஸ்பிரிங். அது உடைவது சகஜம், தனியாகக் கிடைக்கும், கத்தியைப் பிரிக்காமலே மாற்றலாம். ட்வீசரும் பல்குத்தியும் காணாமல் போயிருக்கும், அதுவும் தனியாக விற்கிறது. வாங்கும்போது 58-க்கு வேறு, 91-க்கு வேறு என்று அளவு பார்த்து வாங்குங்கள். கம்பெனி முத்திரை பிடிக்கவில்லையா, 58-இன் பிளாஸ்டிக் பக்கப்பட்டையை நெம்பிக் கழற்றிவிட்டுப் புதுப்பட்டை அழுத்திவிடலாம். நெம்ப வேறு ஆயுதம் தேட வேண்டாம், இன்னொரு கிளாசிக்கின் நகஅரம் போதும்.

ஹூஸ்டன் அக்கா, என்னிடம் கழுவி வைத்த முப்பது கிளாசிக் சும்மா கிடக்கிறது. அடுத்த ஸ்கௌட் செட்டுக்கு வேண்டுமானால் சொல்லுங்கள், தபால் செலவு மட்டும் உங்களுடையது.

ஹூஸ்டன் அக்கா

வேண்டும். மருந்துக் கம்பெனி பெயர் போட்டதையே அனுப்புங்கள், நல்லதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பட்டை மாற்றக் கற்றுக்கொள்ளட்டும்.