லீவரை 10ல் வைத்து ஏழு மாதம் கெட்ட கதை

ரோயிங்கை, அதாவது துடுப்புப் படகு ஓட்டுவதை, யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்ற பேச்சு வந்ததால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

சேலத்தில் இருந்துகொண்டு ரோயிங் பழகுகிறேன் என்றால் எங்கள் வீட்டிலேயே சிரிப்பார்கள். மேட்டூருக்குப் போனாலும் பரிசல்தானே. நான் பழகியது ஜிம்மில் இருக்கும் ரோயிங் மிஷினில். அங்கிருந்த பயிற்சியாளர் மிஷின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை இருக்கும் லீவரை 10ல் தள்ளிவிட்டு "இழுங்க சார், நல்லா இழுங்க" என்று சொன்னதோடு சரி. இழுத்தேன். ஏழு மாதத்தில் முன்கை தடித்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது, 2000 மீட்டருக்கு 7 நிமிடம் 56 நொடி (7:56). அதற்குக் கீழே ஒரு நொடிகூட இறங்கவில்லை.

அப்புறம் ஏற்காட்டில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் பழக்கமானார். ராணுவத்தில் இருந்தவர், அங்கேயே படகு ஓட்டியவர், காப்பிக் களத்தை ஒட்டிய ஷெட்டில் சொந்தமாக ஒரு எர்க் (ரோயிங்) மிஷின் வைத்திருக்கிறார். கொஞ்சம் இழுத்துக் காட்டுங்க தம்பி என்றார். நானும் வீரமாக உட்கார்ந்தேன். பத்து இழுப்பு பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் குனிந்து பாதப் பட்டையை அவிழ்த்துவிட்டு, "இப்ப இழுங்க" என்றார். மூன்றாவது இழுப்பில் இரண்டு காலும் மேலே போய், நான் மல்லாந்து, தரையில் காயப்போட்டிருந்த மிளகின் மேல் கையை ஊன்றி எழுந்தேன். உள்ளங்கை முழுக்க மிளகு.

"காலை முழுசா மிதிக்கறதுக்கு முன்னாடியே முதுகைத் தூக்கி வீசறீங்க. மிதியில அழுத்தம் கடைசி வரைக்கும் இருந்தா இந்தப் பட்டையே வேண்டாம்."

முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில் கை. திரும்பி வரும்போது கை, முதுகு, கால். அவ்வளவுதான் பாடம், ஆனால் இரண்டு நாள் பட்டை கட்டாமல் இதையே செய்ய வைத்தார், அதுவும் கைப்பிடியின் செயின் மேலும் கீழும் நெளியாமல் நூல் பிடித்தது போலப் போய் வர வேண்டும். லீவர் என்பது மிஷினின் விசிறிக்குக் காற்று உள்ளே போகும் வாசல், சைக்கிளில் கியர் மாதிரி, 10ல் வைத்தால் கனமாக இருக்குமே தவிர வேகம் தானாக வராது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பார்க்க வேண்டியது மானிட்டரில் வரும் டிராக் ஃபேக்டர் எண்ணை, அதாவது விசிறியைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதை. என்னை 120 பக்கம் வைக்கச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால் சேலத்தில் லீவர் 4ல் 121 காட்டுவது ஏற்காட்டில் அதே 4ல் 112தான் காட்டியது. 1500 மீட்டர் உயரத்தில் காற்று லேசு, அதனால் லீவரைக் கூட்டித்தான் 120க்கு வர முடிந்தது.

அடுத்தது எனக்கு அவமானமாக இருந்தது. நிமிடத்துக்கு 18 இழுப்பு, 40 நிமிடம், மெதுவாக. நடுவில் "சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுல இருந்து ஏற்காடு வரைக்கும் ஒவ்வொரு இடமா சொல்லிக்கிட்டே வாங்க" என்பார். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவையும் எண்ண வேண்டும். நடுவில் மூச்சு முட்டினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், குறைக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் பயிற்சியில் நாலு நாள் இதுதான், ஒரே ஒரு நாள்தான் உயிரைக் கொடுத்து இழுப்பது. தண்ணீரே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இதெல்லாம் எதற்கு என்று அலுத்துக்கொண்டபோது, தத்து போகனல் என்ற படகு வீரர் மகாராஷ்டிராவில் நாசிக் பக்கம் வறண்ட கிராமத்தில் கிணறு வெட்டும் வேலை பார்த்தவர், ராணுவத்துக்கு வந்த பிறகுதான் துடுப்பையே தொட்டார், 2016ல் ரியோ ஒலிம்பிக்கில் 13வது இடம் என்றார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து 7:31. இடுப்பு வலி போய்விட்டது.

*

முதலில் 7:56 வந்தபோது ஒவ்வொரு 500 மீட்டருக்கும் எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் தம்பி? என் மகள் சென்னையில் அடையாற்றில் படகு ஓட்டுகிறாள், அவளுக்கு எப்போதும் முதல் 500ல்தான் பிரச்சினை, பிள்ளை புறப்படும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள்.

*

அதே கதைதான் அக்கா. 1:48, 1:58, 2:06, 2:04. பின்னால் வந்த 7:31க்கு 1:53, 1:54, 1:53, 1:51. மகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்: 500 மீட்டரை 2:00ல் போக 203 வாட் போதும், 1:50ல் போக 263 வேண்டும். பத்து நொடிக்கு முப்பது சதவீதம் கூடுதல் சக்தி. வேகத்தின் மும்மடிக்கு ஏறுகிறது சக்தி. ஆரம்பத்தில் சம்பாதித்த பத்து நொடிக்கு மூன்றாவது 500ல் கந்துவட்டி கட்டினேன்.

*

நானும் சேலம்தான், ஐந்து ரோடு பக்கம். இந்த மெதுவான 40 நிமிடத்தை ஏப்ரல் மாதம் மொட்டை மாடி ஷெட்டில் செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்! அதே வேகம்தான், ஆனால் நாடித் துடிப்பு போகப் போக ஏறிக்கொண்டே இருக்கும், முதலில் உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டேன். வேர்வையில் தண்ணீர் போகிறது, உடம்பைக் குளிர வைக்கத் தோலுக்கும் ரத்தம் ஓட வேண்டியிருக்கிறது, இதயம் அதற்கும் சேர்த்து அடிக்கிறது. இப்போது வெயில் மாதங்களில் மானிட்டரின் வேகத்தை விட்டுவிட்டு நாடியை வைத்துத்தான் ஓட்டுகிறேன். காலை ஐந்தரைக்கே உட்கார்ந்துவிடுவேன், நேர் எதிரில் டேபிள் ஃபேன், பக்கத்தில் உப்புப் போட்ட ஒரு சொம்பு நீர்மோர்.