எடை குறைக்க ‘டயட்’ உணவா, வழக்கமான உணவா?

மலர்: ஏழு மாதமாக எடையைக் குறைத்து வருகிறேன். கொழுப்பு நீக்கிய தயிர், ‘லைட்’ பிஸ்கட் எல்லாவற்றையும் முதல் மாதத்தோடு விட்டுவிட்டேன். முழுக் கொழுப்புத் தயிரையே சின்னக் கிண்ணத்தில் அளந்து சாப்பிடுகிறேன். எனக்கு இதுதான் சரிப்படுகிறது.

இளங்கோ: எனக்கு உடன்பாடில்லை. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4தான். கொழுப்பை எடுத்தால் கலோரி குறையத்தானே செய்யும்?

மலர்: எடுத்த கொழுப்புக்குப் பதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். போன வாரம் இரண்டு டப்பாக்களைத் திருப்பிப் படித்தேன். சாதாரணத் தயிரில் பாலும் உறையும் மட்டும். பழச்சுவை சேர்த்த ‘ஜீரோ ஃபேட்’ டப்பாவில் சர்க்கரை, ஸ்டார்ச், கெட்டிப்படுத்தும் பொருள் என்று நீள்கிறது. கலோரி வித்தியாசமோ சொற்பம். அப்புறம், ‘லைட்’ என்று போட்டிருந்தால் கை தாராளமாகிவிடுகிறது. இரண்டு பிஸ்கட்டில் நிறுத்த வேண்டியது ஐந்தாகிவிடும்.

இளங்கோ: பழச்சுவைத் தயிரை வெறும் தயிரோடு ஒப்பிடுவது நியாயமில்லை. சரி, குளிர்பானத்துக்கு என்ன சொல்வீர்கள்? 330 மில்லி கோலாவில் கிட்டத்தட்ட 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. டயட் கோலாவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தினம் இரண்டு கேன் குடித்தவன் நான். அதை மாற்றியதில்தான் முதல் நான்கு கிலோ இறங்கியது.

செவ்வந்தி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எடையைக் கட்டுப்படுத்த, டயட் கோலாவில் போடுவது போன்ற சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்ததே? நீண்ட கால அளவில் உடல் கொழுப்பைக் குறைக்க அவை உதவவில்லை என்றார்களே.

இளங்கோ: அது நிபந்தனையோடு கூடிய பரிந்துரை, தோழி. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்றும் அதில் இருக்கிறது. குறுகிய கால ஆய்வுகளில் எடை கொஞ்சம் குறைந்ததையும் சொல்லியிருக்கிறார்கள்.

மலர்: கோலா விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். குடிக்கிற சர்க்கரை வயிற்றில் நிற்பதே இல்லை. ஆனால் சீஸும் வெண்ணெயும் வேறு. ‘லைட்’ சீஸ் சாப்பிட்ட நாட்களில் திருப்தியே வராமல் ஃபிரிட்ஜைத் திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறேன். இப்போது தீப்பெட்டி அளவு நல்ல சீஸ், அவ்வளவுதான். அதற்குமேல் கேட்கத் தோன்றுவதில்லை.

இளங்கோ: அந்த அளவில் உங்களால் நிறுத்த முடிகிறது. என்னால் முடியாது. டப்பா திறந்திருந்தால் காலியாகும்வரை கை போகும். அதனால் எனக்கு ‘லைட்’டே இருக்கட்டும்.

மலர்: சீஸை வாங்கி வந்த அன்றே துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். முதல்நாள் இரவே ஒரு துண்டு மட்டும் எடுத்துக் கீழே ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். இரண்டு வாரம் செய்துவிட்டுச் சொல்லுங்கள்.