2025-இல் மறைந்தவர்கள்: நினைவுத் தொகுப்புக்கு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. 2025-இல் மறைந்த பெரியவர்களைப் பற்றி, ஆளுக்கு ஒரு பக்கமாகத் தொகுப்பு ஒன்று எழுதி வருகிறேன். பிறந்தது, விருது வாங்கியது, இறந்தது என்று போகும் இரங்கல் குறிப்பாக அது இருக்கக் கூடாது. அந்த மனிதரே கண்முன் வந்து நிற்க வேண்டும்.

சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடாலைப் பற்றிய பக்கம் முடிந்தது. 1960-இல் இன்றைய தான்சானியாவின் கோம்பே காட்டில் ஒரு சிம்பன்சி புல் தண்டைக் கரையான் புற்றுக்குள் விட்டு, ஒட்டி வந்த கரையான்களை உதட்டால் உருவித் தின்றதை அவர் பார்த்தாரே, அங்கிருந்து தொடங்கினேன். அப்புறம் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன். 1173 முறை ரத்த தானம் கொடுத்தவர். அவருடைய பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், இருந்த அரிய எதிர்ப்பொருள், கருவிலுள்ள குழந்தைகளைக் காக்கும் ஆன்டி-டி மருந்துக்கு உதவியது. இத்தனைக்கும் ஊசி ஏறுவதை அவர் பார்க்கவே மாட்டாராம், முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். விருதுகளைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

ஆனால் இவர்களை எல்லோருக்கும் தெரியும். தங்கள் துறையில் பெரிய ஆளாக இருந்தும் செய்தியில் இரண்டு வரியோடு போய்விட்ட செவிலியர், மொழிபெயர்ப்பாளர், விதை சேகரித்தவர் போன்றோர்தான் எனக்குக் கிடைக்கவில்லை. அப்படி ஒருவர் பெயரும், அவர் செய்த ஒரு காரியமும் எழுதுங்கள். எங்கே படித்தீர்கள் என்றும் சொன்னால் சரிபார்த்துக்கொள்வேன். குடும்பத்தார் வெளியே சொல்லாத விஷயங்கள் மட்டும் வேண்டாம்.