வீட்டுமனைக்கு நேர்கிழக்கைக் கண்டறிவது எப்படி?

கேள்வி:
தஞ்சாவூருக்கு அருகில் வீடு கட்டக் கடைக்கால் எடுக்கவிருக்கிறோம். மார்கழியில் எதிர்த் தோப்பின் வலக்கோடியில் எழுந்த சூரியன், இப்போது ஆனியில் இடக்கோடியையும் தாண்டி எழுகிறது. உதிக்கும் இடத்தைப் பார்த்தே நூல் பிடித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். கைபேசித் திசைகாட்டியோ மனையில் இடத்துக்கு இடம் மாற்றிக் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில் 1:
உதயத்தைப் பார்த்து நூல் பிடிக்க வேண்டாம், ஐயா. சூரியன் நேர்கிழக்கில் உதிப்பது மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகிய நாள்களை ஒட்டி மட்டுமே. ஜூன் 21 வாக்கில் தஞ்சையில் அது ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளியும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளியும் உதிக்கிறது. இப்போது அப்படி நூல் பிடித்தால் 40 அடிச் சுவரின் மறுமுனை 16 அடிக்கு மேல் விலகிவிடும். திசைகாட்டியைக் குழப்புவது பெரும்பாலும் அருகில் கிடக்கும் இரும்புக் கம்பிகள்தாம்.

பதில் 2:
நிழலை நம்புங்கள். இரு கோல் நட்டு நிழல் பார்த்து, நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை கொண்டு அரண்மனைக்கு இடம் வகுத்ததை நெடுநல்வாடையே பாடுகிறது. உங்களுக்கு ஒரு கோல் போதும். ரசமட்டம் வைத்துத் தரையைச் சமன்செய்து, தூக்குக்குண்டு பார்த்து 1 மீட்டர் உயரக் கோலைச் செங்குத்தாக நட்டு, அதன் அடியை மையமாக வைத்து 1 மீட்டர் கயிற்றால் வட்டம் வரையுங்கள். நிழலின் நுனி காலை 9.15 மணியளவில் வட்டத்துக்குள் நுழையும் இடத்திலும், பிற்பகல் 3.15 மணியளவில் வெளியேறும் இடத்திலும் முளை அடியுங்கள். காலை முளை மேற்கு, பிற்பகல் முளை கிழக்கு. இரண்டுக்கும் இடையே பிடிக்கும் நூல் துல்லியமான கிழக்கு மேற்குக் கோடு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நண்பகலில் மிகக் குறுகிய நிழலை ஒருமுறை குறித்தால் போதாதா?

பதில் 2:
கொள்கையளவில் அது வடக்கு தெற்குக் கோடுதான். ஆனால் இந்த மாதத்தில் அதை நம்பிக் கடைக்கால் எடுக்க நான் சொல்லமாட்டேன். தஞ்சையில் உச்சிப்பொழுது இப்போது 12.15 மணியளவில் வருகிறது. அந்நேரத்தில் நிழலின் நீளம் மாறுவதே கண்ணுக்குத் தெரியாது, திசையோ விரைவாகத் திரும்பும். 4 நிமிடம் பிந்திக் குறித்தால் ஏறத்தாழ 4 பாகை பிசகும். மேலும், சூரியன் இப்போது உச்சிக்கு வடக்கே நிற்பதால், 22 சென்டிமீட்டர் நீளமே உள்ள அந்நிழல் தெற்கு நோக்கி விழும். வடக்கென்று கொண்டால் வரைபடம் தலைகீழாகிவிடும்.

பதில் 3:
வட்டமுறையில் கோடு போட்டபின் இரவில் சரிபார்க்கவும் வழியுண்டு. துருவ நட்சத்திரம் உங்கள் ஊரில் அடிவானத்துக்கு மேல் சுமார் 11 பாகை உயரத்தில், வடக்கிலிருந்து 1 பாகைக்கும் குறைவான விலகலில் நிற்கிறது. வடபுறம் மரங்கள் மறைக்காமலும் மேகமில்லாமலும் இருந்தால், கோட்டுக்குச் செங்குத்தாக மூலைமட்டம் வைத்துப் பிடித்த நூல் அதை நோக்குகிறதா என்று பார்த்துவிடலாம்.